சாமி கதையில் மாயம் கலந்து சிறுவர் நாவல்: எழுதுவது முதல் அச்சு வரை

பாட்டி சொன்ன சாமி கதையை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மாயக் கதை எழுத வேண்டும் என்ற ஆசை நிறையப் பேருக்கு உண்டு. ஐயனார் கோயில் மண்குதிரையை வைத்து அப்படி ஒன்றை நான் எழுதி அச்சுக்குக் கொண்டுவந்தேன். எழுதியதைவிட அதற்கு முன்னும் பின்னும் அலைந்த அலைச்சல்தான் பெரிது. எதை யாரிடம் கேட்க வேண்டும், எந்தக் காகிதம் தேவை, எது இலவசம், எதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள வாசகர்களுக்கான கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கான படப்புத்தகம் வேறு கணக்கு.

1. எது யாருடையது என்று முதலில் பிரியுங்கள்

ஒரு வரி எழுதும் முன் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நூலில் இருப்பது, இரண்டாவதில் ஊரில் சொல்வது, மூன்றாவதில் நீங்கள் சேர்க்கப் போவது. கதைக்குள் வரும் ஒவ்வொன்றும் இதில் ஏதாவது ஒரு கட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

சூரபத்மன் மாமரமாக நின்றது, வேல் அதைப் பிளந்தது, ஒரு பாதி மயிலும் மறுபாதி சேவலும் ஆனது எல்லாம் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் இருக்கிறது, முதல் கட்டம். ‘எங்க ஐயனார் ராத்திரியில குதிரையேறி எல்லையைச் சுத்தி வருவாரு, அப்ப யாரும் குறுக்கே போகக் கூடாது’ என்பது இரண்டாவது. அந்தக் குதிரை பேசும் என்பது உங்களுடையது.

மூன்றாவது கட்டத்தில் நீங்கள் ராஜா. முதல் கட்டத்தில் கை வைத்தால், தெரிந்தேதான் மாற்றினேன் என்று முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இரண்டாவதுதான் இடக்கானது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நூல் என்றாலும் ஒரே நூல் கிடையாது. திருவிளையாடல் என்றதும் பரஞ்சோதி முனிவரின் 64 படலங்கள் நினைவுக்கு வரும். அவருக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி பாடியிருக்கிறார். இரண்டிலும் வரிசையும் விவரமும் ஒன்றாக இல்லை. நமக்கு முருகன் தம்பி, வடக்கே பல இடங்களில் அவர் அண்ணன். யாராவது ஒரு வாசகர் கேட்பார், கட்டாயம் கேட்பார். எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று அப்போதே குறித்துவைத்தால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

இதில் நிறையப் பேர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பழைய பாடல்களுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவற்றுக்கு இந்தக் காலத்தில் எழுதிய உரைக்கும், உரைநடைச் சுருக்கத்துக்கும் பதிப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி எழுதியவரின் ஆயுட்காலமும், அவர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும். யூடியூபில் கேட்ட ஆன்மிகச் சொற்பொழிவிலிருந்து ஒரு சுவையான காட்சியைப் புராணம் என்று நம்பி எடுத்துப் போடுகிறார்கள். பாதி நேரம் அது புராணத்திலேயே இருக்காது. பேசியவரின் சொந்தச் சரக்கு. மூலத்தில் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

2. ஊர்ச் சாமி என்றால் ஊருக்குப் போங்கள்

காவல் தெய்வங்களின் கதைகளில் கொலையும் சாதியும் பெண்ணுக்கு நடந்த அநியாயமும் இருக்கும். வில்லுப்பாட்டில் பாடப்படும் தெய்வங்களில் பலர் வாழ்ந்து, அநியாயமாகச் செத்து, பிறகு சாமியானவர்கள். அவர்களைக் கும்பிடும் குடும்பங்கள் இன்றும் அதே ஊரில் இருக்கின்றன. உங்களுக்கு அது கதை, அவர்களுக்கு அது தாத்தாவின் தாத்தா.

சட்டப்படி யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இருந்தாலும் பூசாரியையும் கோயில் பெரியவர்களையும் பார்த்துப் பேசிவிடுங்கள். விழா நாளில் போனால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது; சாதாரண நாளில் சாயங்காலம் போங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே கேளுங்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, பெயர் போடலாமா வேண்டாமா என்று நோட்டில் எழுதுங்கள். சிலர் ‘கதையை எழுது, சாமி பேரை மட்டும் போடாதே’ என்பார்கள். அப்படிச் சொன்னால் அதுதான் முடிவு. பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள், கதைக்கு ஒரு சேதமும் வராது.

கிடா வெட்டை என்ன செய்வது என்று எல்லாரும் முழிக்கும் இடம். பல கோயில்களில் ஐயனாருக்குப் பொங்கலும் பழமும்தான். கருப்பருக்குக் கிடா வெட்டும்போது ஐயனாருக்கு முன்னால் திரை போட்டு மறைப்பார்கள். என் கதையில் அந்தத் திரையை மட்டும் காட்டினேன். கிராமத்துப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும், தெரியாத பிள்ளை வீட்டில் கேட்டுக்கொள்ளும். மொத்தமாக மூடி மறைத்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு புண்படுத்துவது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவில் வருகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ தான் அது. மூன்றாண்டு வரை சிறை. நல்ல எண்ணத்தில் எழுதும் சிறுவர் கதை அதில் மாட்டுவது அரிது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெற்றோர் புகார்க் கடிதம் கொடுத்தால் பள்ளி சட்டப் புத்தகத்தைப் பார்க்காது, உங்கள் புத்தகத்தைத்தான் அலமாரியிலிருந்து எடுக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது மூன்று கட்ட நோட்டு.

3. மாயத்துக்கான விதியை வழிபாட்டிலிருந்தே எடுங்கள்

வெளிநாட்டு மாயக் கதைகளின் மந்திரக்கோலையும் பறக்கும் விளக்குமாற்றையும் எடுத்து, மேலே விபூதி பூசித் தருபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. நம் வழிபாட்டிலேயே விதிகள் கொட்டிக் கிடக்கின்றன.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் நடக்கும் புரவி எடுப்பையே பாருங்கள். ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, மண்குதிரை செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்று பெயர். அதற்குப் பிறகுதான் குதிரை செய்யும் வேலை தொடங்கும். சுட்டு, வண்ணம் பூசிய குதிரைகளை விழாவன்று தோளில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். புதியது வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கி எறிவது கிடையாது. மரத்தடியில் நின்றபடியே மழையிலும் வெயிலிலும் உடைந்து சிதைந்து மண்ணோடு சேரும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தவை மூன்று விதிகள். ஊர் மண்ணால் ஆனது, அதனால் குதிரை எல்லையைத் தாண்ட முடியாது. தோள் கொடுத்தால்தான் நகரும், அதனால் ஒரு பிள்ளை தனியாக எதுவும் செய்ய முடியாது; சண்டை போட்ட கூட்டாளிகளைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். மழைக்கு மழை உடம்பில் கொஞ்சம் போகும், போன உறுப்போடு ஒரு நினைவும் போகும். இந்த மூன்றும் கையில் வந்ததும் கதை தானாக ஓடியது. ஒரு துண்டு:

“உனக்கு ஒரு காது இல்லையே?” என்றாள் செல்வி.

“ஐப்பசி மழையில் போச்சு. அந்தக் காதால் கேட்டதெல்லாமும் கூடவே போச்சு. உன் ஆத்தா இங்கே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பக்கம் நின்று சொன்னாள் என்று நினைவில்லை.”

இப்போது பிள்ளைக்குக் குதிரைமேல் பாசமும் வரும், அடுத்த மழை எப்போது என்ற பயமும் வரும். குதிரைக்கு இறக்கை கொடுத்திருந்தால் இரண்டும் வராது.

சாமி கடைசி அத்தியாயத்தில் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடக் கூடாது. வாசித்துக் காட்டிப் பாருங்கள், முதல் வரிசையிலேயே ஒரு பையன் கேட்பான்: “அப்ப மொதல்லயே வந்திருக்கலாம்ல?” பதில் இருக்காது. சாமி ஏதாவது ஒன்று தரட்டும். அதற்குரிய கஷ்டத்தைப் பிள்ளை படட்டும். சாமியின் பேச்சும் குறைவாக இருந்தால் நல்லது. என் கதையில் ஐயனார் வாயே திறக்கவில்லை.

அதைப்போலவே, வேண்டினால் உடனே கிடைக்கும் என்று எழுதாதீர்கள். அம்மா குணமாக வேண்டும் என்று வேண்டி, குணமாகாமல் போன பிள்ளையும் உங்கள் புத்தகத்தைப் படிக்கும். ‘நான் சரியாகக் கும்பிடவில்லை போல’ என்று அந்தப் பிள்ளை நினைக்கும்படி ஒரு வரியும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன்.

வில்லன்களைக் கறுப்பாக, குண்டாக, வேறு மதத்து அடையாளத்தோடு காட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

கிறிஸ்தவ, இஸ்லாமிய நம்பிக்கையிலிருந்து எழுதுபவர்களுக்கும் இதே மூன்று கட்டம்தான். ஜின் குர்ஆனில் உள்ளது. அது வெறும் அலங்காரப் பூதம் இல்லை. நபிமார்களுக்கு உருவம் வரைவதை முஸ்லிம் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதை ஓவியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

4. நீளமும் சோதனை வாசிப்பும்

என் கணக்கில் 12,000 முதல் 18,000 சொற்கள் போதும். அத்தியாயம் 1,000 சொற்களைத் தாண்ட வேண்டாம். பிரகாரம், பலிபீடம், நேர்த்திக்கடன் போன்றவற்றுக்கு அடிக்குறிப்பு போடாமல், கதையில் வரும் பிள்ளையே பார்த்துத் தெரிந்துகொள்வதாக எழுதுங்கள்.

சொந்தப் பிள்ளைகளிடம் மட்டும் சோதிக்காதீர்கள், அவர்கள் உங்களுக்காகச் சகித்துக்கொள்வார்கள். கோயிலுக்கே போகாத வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கட்டும். சத்தமாக வாசித்து, எங்கே நெளிகிறார்கள் என்று ஓரத்தில் புள்ளி வையுங்கள். பள்ளியில் வாசிப்பதானால் தலைமை ஆசிரியரிடம் ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தோடு கடிதம் கொடுங்கள். ‘இது மதப் பிரச்சாரமா?’ என்ற கேள்விக்கு அந்தச் சுருக்கத்திலேயே பதில் இருக்கட்டும். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

5. ஓவியரோடு எழுத்தில் ஒப்பந்தம்

வாய்ப்பேச்சு வேண்டாம், நெருங்கிய நண்பராக இருந்தாலும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு மின்னூல் விற்க நினைத்தால், ‘உலகம் முழுதும், அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு’ என்று தெளிவாக எழுதுங்கள். படம் எத்தனை, வண்ணமா கோட்டோவியமா, எத்தனை முறை திருத்தம், பணம் எத்தனை தவணை என்பதெல்லாம் அதிலேயே வரட்டும். பென்சில் வரைவுக்கு ஒரு பங்கு, முடிந்த படத்துக்கு ஒரு பங்கு, அச்சுக்கேற்ற கோப்பு வந்ததும் மீதி என்று பிரித்தால் இருவருக்கும் நிம்மதி.

சாமி படங்களுக்கு மாதிரித் தாள் ஒன்று தயார் செய்து கொடுங்கள். ஐயனார் கற்சிலைகளில் காலைச் சுற்றி யோகப்பட்டம் என்ற பட்டையும் கையில் செண்டு என்ற வளைந்த கோலும் இருக்கும், இருபுறமும் அவருடைய தேவியர் பூரணை, புட்கலை. கிராமத்துச் சுதைச் சிற்பத்தில் மீசையும் அரிவாளுமாக இருப்பார். உங்கள் கதை நடக்கும் ஊரில் எப்படியோ அப்படி வரையச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவில் எடுத்த சாமி படங்களில் விரல் கூடும், ஆயுதம் கை மாறும். பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றும்போது அப்படிப்பட்ட படம் உண்டா என்று தனியாகக் கேட்கிறார்கள், மறைக்க முடியாது.

யாரும் சொல்லாத ஒன்று: சாமி முகத்தின் மேல் விலைச் சீட்டு ஒட்டும்படி பின்னட்டையை வடிவமைக்காதீர்கள். கத்தரித்து விளையாடும் பக்கங்களிலும் சாமி படம் வேண்டாம். குதிரையைக் கத்தரிக்கட்டும், ஐயனாரைக் கத்தரிக்கச் சொன்னால் பாட்டிகள் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

6. பதிப்பகமா, சொந்தச் செலவா

பதிப்பகம் எடுத்தால் வழக்கமாக விலையில் பத்து சதவீதம் ராயல்டி. எந்த மாதம் கணக்குத் தருவார்கள், மின்னூல் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஓர் இடத்தில் என் கைப்பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, ‘பார்த்துக்கிட்டிருக்கோம்’ என்றே ஒரு புத்தகக் காட்சி முழுதும் கடத்தினார்கள். அனுப்பும் கடிதத்திலேயே ‘இன்ன தேதிக்குள் பதில் இல்லையென்றால் வேறு இடத்தில் கொடுப்பேன்’ என்று எழுதிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

‘பணம் கட்டுங்கள், நாங்கள் வெளியிடுகிறோம்’ என்றால் அது பதிப்பகம் இல்லை, அச்சுச் சேவை. அச்சகத்தில் நேராகக் கேட்டால் என்ன ஆகும் என்று விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சொந்தமாகப் போடும்போது, கடைக்கும் விநியோகஸ்தருக்கும் விலையில் 35 முதல் 40 சதவீதம் கழிவு போகும். அதைக் கழித்த பிறகும் அச்சுச் செலவும் ஓவியர் பணமும் வருமா என்று பார்த்து விலை வையுங்கள்.

கிண்டிலில் தமிழ் மின்னூல் போடச் செலவில்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற அவர்களுடைய திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது, அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

7. எண்ணும் பதிவும்

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். புனைபெயரில் எழுதுபவர்கள் இங்கேதான் திரும்பி வருகிறார்கள். காகித அட்டைப் பதிப்புக்கு ஓர் எண், கெட்டி அட்டைக்கு வேறு எண். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

ஐஎஸ்பிஎன் வாங்கினால் பதிப்புரிமை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு. எழுதிய உடனே உரிமை உங்களுடையது. பதிவு என்பது தகராறு வந்தால் காட்ட ஒரு சான்று. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், படிவம் 14. விண்ணப்பித்ததும் டைரி எண் வரும். அதன் பிறகு 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் பரிசீலனை. சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகலாம், அதற்காக அச்சை நிறுத்த வேண்டியதில்லை. படங்களையும் சேர்த்துப் பதிவதானால் ஓவியரிடமிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கி வையுங்கள்.

8. அச்சகத்துக்கு முன்

யூனிகோடில் எழுதுங்கள். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றத்தில் முதலில் உடைவது ஸ்ரீ, க்ஷ, ஔ. பக்திக் கதையில் ஸ்ரீ இல்லாத அத்தியாயம் ஏது? ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

பக்கங்களை 16-இன் மடங்கில் முடியுங்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிப்பதைப் பாரம் என்பார்கள், ஒரு பாரம் 16 பக்கம். 96 பக்கம் ஆறு பாரம். 100 பக்கம் என்று கொண்டுபோனால் நாலு பக்கத்துக்காக இன்னொரு பாரத்தின் வேலை. எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். உள்ளே 80 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) மேப்லித்தோ தாள், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன். இந்த விவரங்களையும் பிரதி எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி மூன்று அச்சகங்களில் கொடுங்கள், அப்போதுதான் விலையை ஒப்பிட முடியும். முந்நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், அதற்கு மேல் ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஒரு பிரதி மாதிரி பார்க்காமல் மொத்தத்தையும் அடிக்கச் சொல்லாதீர்கள்.

9. காலக் கணக்கு

பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதற்குப் புத்தகம் வேண்டுமானால் மார்ச்சுக்குள் கதை முடிய வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில் சோதனை வாசிப்பு. ஜூனில் ஓவியர் கையில், செப்டம்பரில் படங்கள். சிவகாசியில் அடிக்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும் அங்கே ஆர்டர் குவியத் தொடங்கும், உங்கள் ஐந்நூறு பிரதி கடைசி வரிசைக்குப் போய்விடும். சென்னை அச்சகங்களில் டிசம்பர் முழுதும் புத்தகக் காட்சி நெருக்கடி. நவம்பர் முதல் வாரத்தில் கோப்பைக் கொடுத்துவிட்டால், தப்பு இருந்தால் திருத்தவும் நேரம் கிடைக்கும்.

10. நான்கு பிரதிகள்

சொந்தமாக வெளியிட்டால் சட்டப்படி நீங்கள்தான் பதிப்பாளர். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் உங்கள் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். கன்னிமாராவுக்கு நேரில் போய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். மற்ற மூன்றுக்கும் தபால் ரசீதைப் புத்தகத்தின் பெயர் எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஓவியர் ஒப்பந்தம், டைரி எண், ஐஎஸ்பிஎன் கடிதம், மூன்று கட்ட நோட்டு எல்லாமும் அதே கோப்பில்.